ஒரே நம்பரில் இரண்டு கார்

இந்தக் காலத்தில் எவனும் வேலையை வாயால் சொல்வதில்லை. போனை நீட்டுகிறான். ‘இதே மாதிரி, அச்சு அசலா வேணும்’ என்கிறான். எதற்கப்பா என்று கேட்டால், கேட்டவனையே திருடனைப் பார்ப்பதுபோல் பார்க்கிறான். முன்பு லாரிக்குப் பாடி கட்ட வந்தவனெல்லாம் யோக்கியனா என்றால் அதுவும் இல்லை. அவனும் பொய்தான் சொன்னான். ஆனால் வாயைத் திறந்து சொன்னான். எதிரே நின்று சொன்னதால் எந்த இடத்தில் தொண்டை அடைக்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம். போனில் இருக்கிற படத்துக்குத் தொண்டை ஏது?

கைலாசத்துக்கு மூன்று மாதமாக இதே கடுப்புதான். மருமகன் ஆனந்தகுமாரின் பட்டறைக்கு வாரத்தில் நான்கு நாள் போய் உட்கார்ந்துகொள்வார். டீ குடிக்கப் போவதாகப் பேர். உண்மையில் காவலுக்குத்தான் போனார். அங்கே நடப்பது என்ன தொழில் என்று அவருக்கு இன்னும் பிடிபடவில்லை.

போர்வெல் போடும் ரிக் லாரியில் எலக்ட்ரீசியனாக ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்த ஆனந்தகுமார், அதை விட்டுவிட்டு நாமக்கல்லுக்கு வெளியே திருச்செங்கோடு ரோட்டில் ஒரு தகரக் கொட்டகை பிடித்து, ரிமோட்டில் ஓடும் கார் செய்கிறான். புதுசு இல்லை. நாற்பது வருடத்துக்கு முன்னால் ஜப்பான்காரன் செய்து நிறுத்திவிட்ட பழைய கார்களை, அதே அளவில், அதே ஸ்பிரிங், அதே கியர், அதே ஸ்டிக்கரோடு திரும்பச் செய்கிறான். முழங்கை நீளம் இருக்கும். வாங்குகிறவர்கள் பெங்களூரிலும் ஜெர்மனியிலும் இருக்கிற, நரைத்த தாடிக்காரர்கள். அசலில் பெயிண்ட் உதிர்ந்திருந்தால் இதிலும் உதிர்க்கவேண்டுமாம். அசலில் கீறல் இருந்தால் இதிலும் அளவெடுத்துக் கீறவேண்டுமாம்.

“புதுசு செஞ்சு அதை எதுக்குங்க மாப்ள பழசாக்கறீங்க?” என்று முதல் வாரமே கேட்டார்.

“அதுதானுங்க மாமா வேலையே.”

“பழசைப் புதுசாக்கினா வேலை. புதுசைப் பழசாக்கினா அதுக்கு வேற பேருங்க.”

ஆனந்தகுமார் சிரித்துவிட்டு மூக்குக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு குனிந்துவிட்டான். சிரித்தால் நம்பிவிட வேண்டும் என்று நினைக்கிற ஆள் அவன்.

கைலாசத்துக்கு எழுபத்திரண்டு வயது. இரண்டாம் கிளாசோடு பள்ளிக்கூடம் முடிந்தது. லாரி பாடிப் பட்டறைகளில் நாற்பது வருடம் டிங்கர். தகடு மடிப்பதில் அவர் கைக்கு ஈடு இல்லை என்பதை அவர் எதிரிகளும் சொல்வார்கள். அதனால்தான் கார்களுக்கு அலுமினிய அடித்தகட்டை மட்டும் அவரையே மடித்துத் தரச் சொல்வான் ஆனந்தகுமார். தகடு மடிப்பதில் ஒரு பாவமும் இல்லை என்பதால் அவரும் மடித்துக்கொடுத்தார்.

வைகாசியில் ஒருநாள் வந்ததுதான் வினை. ஆனந்தகுமார் ஒரு அசல் காரைத் தலைகீழாகத் திருப்பி அவர் முன்னால் வைத்தான். அடித்தகட்டில் சின்னதாக ஆறு இலக்கம் வெட்டியிருந்தது. 304174.

“இதே நம்பரை நம்ம தகட்டுலயும் அடிச்சுக் குடுங்க மாமா. உங்ககிட்ட நம்பர் வெட்டற பஞ்ச் செட்டு இருக்குதுல்ல? பாருங்க, இந்த மூணு கொஞ்சம் இறங்கி நிக்குது. அதே மாதிரி இறங்கியிருக்கணும்.”

கைலாசம் கையிலிருந்த டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

“சேஸ் நம்பரா?”

“அப்படித்தான் வெச்சுக்கங்களேன்.”

“ஒரு வண்டி நம்பரை இன்னொரு வண்டியில அடிக்கச் சொல்றீங்க.”

“மாமா, இது பொம்மைக் காருங்க.”

“நம்பர் பொம்மை இல்லீங்களே.”

எழுந்து வெளியே போய்விட்டார். இதில் அவருக்குப் பழைய அடி ஒன்று உண்டு. முப்பது வருடத்துக்கு முன்னால் ஒருத்தன் லாரி ஒன்றைக் கொண்டுவந்து, சேஸில் நம்பர் தேய்ந்துவிட்டது, எஃப்.சி.க்குப் போகணும், எடுப்பாக அடித்துக்கொடு என்றான். காகிதம் காட்டினான். சரளமாகப் படிக்க வராத கைலாசம் காகிதத்தில் முத்திரை இருப்பதை மட்டும் பார்த்துவிட்டு அடித்தார். திருட்டு லாரி. மூன்று நாள் ஸ்டேஷனில் உட்காரவைத்தார்கள். கடைசியில் விட்டுவிட்டார்கள் என்றாலும், ‘நம்பர் மாத்தற கைலாசம்’ என்ற பேர் அடங்கப் பத்து வருடம் ஆனது. இப்போது மகள் கட்டிக்கொண்டுபோன வீட்டில் அந்தப் பேர் மறுபடி முளைக்க வேண்டுமா?

மாலையில் மகள் மஞ்சுளாவே வந்தாள்.

“ஏனுங்கப்பா, அவர் திருட்டு வேலை செய்யறாருன்னு நினைக்கறீங்களா?”

“நான் ஒண்ணும் நினைக்கல. அடிக்க மாட்டேன்னேன். அவ்வளவுதான்.”

“எதுக்குன்னு கேட்டீங்களா?”

“சொன்னா நம்பற மாதிரியா இருக்கும்?”

மஞ்சுளாவே சொன்னாள். சேலத்தில் அற்புதராஜ் என்று ஒருவர். குவைத்தில் வேலை பார்த்துவிட்டு எண்பத்தாறில் ஊருக்கு வரும்போது பிள்ளைகளுக்கு அந்தக் காரை வாங்கிவந்தவர். மகன் ஜூட், மகள் அக்சிலியா. அவர் மனைவி தெரசம்மாள் போன வருடம் தவறிவிட்டதால், இருப்பதையெல்லாம் கண்ணிருக்கும்போதே பிரித்துக்கொடுத்துவிட நினைத்தார். வீடு, நிலம், நகை எல்லாவற்றையும் பேசிமுடித்தார்கள். அந்தக் காரில் வந்து நின்றது. இரண்டு பேருக்கும் அதுதான் வேண்டும். அம்மா சமையல்கட்டில் உட்கார்ந்து ரிமோட்டைப் பிடித்து, இரண்டு பேரையும் அழவிட்டு ஓட்டிய கார். வார்த்தை தடித்து, ஆறு மாதமாக அண்ணனும் தங்கையும் பேசவில்லை.

“அதனால அந்தப் பெரியவரே ஒரு வழி சொன்னாருங்கப்பா. இன்னொண்ணு செஞ்சு, ரெண்டையும் துண்டு போட்டு மூடிக் கலந்து, ஆளுக்கு ஒண்ணு தொட்டு எடுத்துக்கறது. எது அசல்னு அவங்களுக்கும் தெரியக்கூடாது, அவருக்கும் தெரியக்கூடாது. நம்பர் இல்லீன்னா தெரிஞ்சு போயிருமில்ல?”

கைலாசம் யோசித்தார். கதை நன்றாகத்தான் இருந்தது. நன்றாக இருக்கிற கதைகளில்தான் அவருக்குச் சந்தேகம்.

“அந்தப் பெரிய மனுசன் நேர்ல வரட்டும். எழுதிக் குடுக்கட்டும். அப்புறம் பார்க்கலாம்.”

அடுத்த வியாழக்கிழமை அற்புதராஜ் பஸ்ஸில் வந்து இறங்கினார். வெள்ளைச் சட்டை, கழுத்தில் சின்ன சிலுவை, நடக்கும்போது ஒரு பக்கம் சாய்கிற உடம்பு. கைலாசம் எதுவும் விசாரிக்காமல் ஒரு நோட்டுப் பேப்பரையும் பேனாவையும் முன்னால் வைத்தார். அற்புதராஜ் சிரிக்காமல் எழுதினார். கைலாசம் அதை எழுத்துக்கூட்டிப் படித்து முடிக்கும்வரை இரண்டு லாரி ரோட்டில் போனது.

“கையெழுத்துக்குக் கீழ தேதி போடலீங்களே.”

“மறந்துட்டேன் ஐயா.” போட்டார்.

“உங்க மக்க மேல உங்களுக்கு நம்பிக்கை இருக்குதுங்களா?”

“ரெண்டு பேரும் நல்ல பிள்ளைங்கதான். அந்தக் கார் விஷயத்துல மட்டும் எனக்கும் புரியல.”

“எனக்குப் புரியுது” என்றார் கைலாசம். பஞ்ச் செட்டை எடுத்தார்.

இடதுகையால் சுத்தியல் பிடிப்பவர் அவர். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரே அடிதான், இரண்டாம் அடிக்கு இடமில்லை. மூன்றைச் சற்று இறக்கினார். ஆழம் அதே ஆழம். எண்ணெயும் கரியும் தேய்த்துத் துடைத்து அசலின் பக்கத்தில் வைத்தபோது ஆனந்தகுமார் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, “மாமா, கையெடுத்துக் கும்பிடறேன்” என்றான். அற்புதராஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, மாற்றி மாற்றிப் பார்த்தார்.

“யாருக்கும் வித்தியாசம் தெரியாதுல்ல?”

“தெரியாதுங்க” என்றார் கைலாசம்.

அது முழுப்பொய் இல்லை. யாருக்கும் தெரியாது, அவரைத் தவிர. அவருடைய செட்டில், நான்கு என்ற எண்ணை அடிக்கிற பஞ்சில் ஒரு மூலை எப்போதோ சிதைந்தது. கண்ணுக்குப் படாது, பெருவிரல் நகத்தை ஓட்டினால் அந்த எண்ணின் கால் பக்கம் லேசாகத் தடுக்கும். அதைச் சொன்னால் வேலை கெட்டுப்போகும். சொல்லாவிட்டால் தனக்குள்ளேயே இருக்கும். இருக்கட்டும் என்று விட்டார்.

இருக்கவில்லை. பத்து நாளில் ஜூட் வந்தான். நாற்பத்தைந்து வயது, நல்ல புல்லட், கையில் ஆப்பிள் பை. பட்டறையில் ஆனந்தகுமார் இல்லாத நேரம் பார்த்து வந்திருந்தான். அதைக் கைலாசம் முதலில் கவனித்தார், ஆப்பிளை அப்புறம்.

“ஐயா, உங்க கைவேலையைப் பத்திக் கேள்விப்பட்டேன். லாரி நம்பரைத் தொட்டே யார் அடிச்சதுன்னு சொல்லிடுவீங்களாமே?”

“ஆரு சொன்னாங்க?”

“பேச்சுவாக்குல வந்துச்சு.”

“ஆரு வாக்குல?”

ஜூட் மீசையைத் தடவிக்கொண்டான். “சும்மாதான் கேட்டேன். ரெண்டுல எது உங்க அடின்னு தெரியுமா?”

“தெரியாது தம்பி. கண்ணு மங்கிப்போச்சு. ஆப்பிளு பல்லுக்கு ஆகாது, எடுத்துட்டுப் போங்க.”

அதற்கு மறுநாளே, அவர் மகள் வீட்டில் இருந்தபோது அக்சிலியா வந்தாள். ஆத்தூரில் டீச்சர் வேலை, லீவு போட்டுவிட்டு இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். அவள் ஒன்றும் கொண்டுவரவில்லை. வெயிலில் நடந்து வந்ததால் முகம் கன்றிச் சிவந்திருந்தது. மஞ்சுளா கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, மஞ்சுளா உள்ளே போனதும் நேராகக் கேட்டாள்.

“எது பழசுன்னு எனக்கு மட்டும் சொல்லுங்க பெரியவரே. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்.”

“எனக்கே தெரியாது அம்மிணி.”

“தெரியும்னு நினைக்கிறேன்.”

“நினைச்சுக்கோ சாமி. நினைக்கறதுக்கு நான் என்ன பண்றது?”

அவள் போனபிறகு மஞ்சுளாவைக் கூப்பிட்டார்.

“நீதான் சொல்லியிருக்கோணும்.”

மஞ்சுளா முந்தானையைச் சுருட்டினாள். “அந்தக்கா போன்ல பேசுச்சுங்கப்பா. ‘நல்லா வந்திருக்குதா’ன்னு கேட்டுச்சு. எங்கப்பா கை பட்டது எதுன்னு அவருக்கு மட்டும் தெரிஞ்சிரும், மத்தவங்களுக்குத் தெரியாதுன்னு பெருமையாச் சொல்லிப்போட்டேன். அந்தண்ணன்கிட்டயும்...”

“ரெண்டு பேர்கிட்டயுமா?”

“ரெண்டு பேருமே நல்லாப் பேசினாங்க.”

கைலாசம் தலையில் அடித்துக்கொள்ளவில்லை. அடித்துக்கொள்ளத்தான் தோன்றியது. இப்போது நிலைமை இதுதான். துண்டை விரித்து எடுக்கிற நாளில் அண்ணனும் தங்கையும் காரைப் பார்க்க மாட்டார்கள், இவர் முகத்தைத்தான் பார்ப்பார்கள். கண் கொஞ்சம் ஒரு பக்கம் சாய்ந்தாலும் அதைப் பிடித்துக்கொள்வார்கள். அசல் கிடைத்தவன் கிழவனுக்கு ஏதோ கொடுத்துவிட்டான் என்று மற்றவர் சொல்லுவார். அற்புதராஜ் எழுதிக்கொடுத்த காகிதம் அதற்கெல்லாம் நிற்குமா? பழைய பேர் நாமக்கல்லிலிருந்து சேலம் வரை போகும். வராமல் இருந்துவிடலாம் என்றால், ‘பயந்து ஓடிட்டான், ஏதோ இருக்குது’ என்பார்கள். மருமகனும் நம்பக்கூடிய ஆள் என்று சொல்லிவிட முடியாது.

சனிக்கிழமை ஆனந்தகுமார் பேட்டரி வாங்க ஈரோடு போயிருந்தான். மஞ்சுளா வீட்டில். பட்டறைச் சாவியை வாங்கிக்கொண்டு காலை பத்து மணிக்கே போனார். இரண்டு கார்களும் அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. இரண்டையும் கவிழ்த்து நகத்தை ஓட்டினார். ஒன்றில் அந்த நான்கின் கால் தடுக்கியது. இன்னொன்றில் வழுக்கிக்கொண்டு போனது. அந்த இன்னொன்றின் எட்டு ஸ்குருவையும் கழற்றி, அடித்தகட்டை எடுத்துப் பட்டறைக் கல்லில் வைத்தார்.

தேய்ந்த நம்பருக்கு மேலேயே அதே நம்பரைப் போட்டு ஓர் அடி கொடுப்பது அவருக்குப் பழகிய வேலை. பஞ்சின் நுனியைப் பழைய பள்ளத்தில் உட்காரவைத்து, அது தானாக இடம் பிடிக்கிறதா என்று விரலால் அசைத்துப் பார்த்தார். பிடித்தது. மூன்று, பூஜ்யம், நான்கு. அடுத்து ஒன்று, ஏழு, கடைசியில் நான்கு. ஆறு அடி. கரியும் எண்ணெயும் தேய்த்துத் துடைத்தார். திரும்ப மாட்டி, இரண்டு காரையும் தரையில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, தலை சுற்றும்வரை மாற்றி மாற்றி நகர்த்தினார். பிறகு நகத்தை ஓட்டினார். இரண்டிலும் தடுக்கியது. இன்னொரு முறை ஓட்டினார். இது அதுவா, அது இதுவா, அவருக்கே தெரியவில்லை. மூன்று மாதத்தில் முதல்முறையாக அன்று மத்தியானம் நிம்மதியாகச் சாப்பிட்டார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்த கையோடு அற்புதராஜும் மகனும் மகளும் மஞ்சுளா வீட்டுக்கு வந்தார்கள். ஜூட் அப்பாவைக் காரில் கூட்டிவந்தான். அக்சிலியா தனியாக பஸ்ஸில். மேசையில் இரண்டு காரையும் வைத்து, அற்புதராஜ் தாமே கலைத்து, மேலே பெரிய துண்டைப் போட்டார். கைலாசம் எதிர்பார்த்தபடியே இரண்டு ஜோடிக் கண்கள் அவர் மேல் வந்து நின்றன.

“என்னைப் பார்க்க வேண்டாங்க” என்றார் சத்தமாக. “எனக்குத் தெரியாது. நேத்துக் காலை வரைக்கும் தெரியும். இப்பத் தெரியாது. ரெண்டுலயும் என்ற அடிதான் இருக்குது.”

ஆனந்தகுமாருக்குத்தான் முதலில் புரிந்தது. துண்டை ஒரே இழுப்பாக இழுத்து, ஒரு காரைக் கவிழ்த்தான், அடுத்ததைக் கவிழ்த்தான்.

“மாமா! அசல்ல அடிச்சீங்களா?”

“ஆமாங்க.”

“கம்பெனி நம்பருங்க மாமா! நாப்பது வருசமா ஆரும் தொடாத நம்பர்! சுத்தியல் பட்ட அசல் அசலே இல்லீங்களே!”

“அசலா இருந்ததாலதான சண்டை?”

ஆனந்தகுமார் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். ஜூட் வாய்க்குள் ஏதோ சொன்னான். அற்புதராஜ் ஒரு காரை எடுத்து மடியில் வைத்து, வெட்டின எழுத்தை விரலால் தடவிப் பார்த்தார். அவசரப்படாமல் பேசினார்.

“தகட்டுல நம்பர் அடிக்க என்கிட்ட எழுதி வாங்கினீங்க ஐயா. தேதிகூடக் கேட்டு வாங்கினீங்க. இதுக்கு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே.”

கைலாசத்துக்கு அது உறைத்தது. உறைத்ததைக் காட்டிக்கொள்ளவில்லை.

“கேட்டிருந்தா நீங்க உங்க மக்ககிட்ட சொல்லியிருப்பீங்க. உங்க மக்க ரெண்டு பேரும் தனித்தனியா வந்து எது பழசுன்னு என்னைக் கேட்டுட்டாங்க. அது உங்களுக்குத் தெரியுங்களா?”

அற்புதராஜ் நிமிர்ந்து பார்த்தார். ஜூட், “நான் சும்மாதாம்ப்பா கேட்டேன்” என்று கதவுப் பக்கம் திரும்பிக்கொண்டான். ஆப்பிளோடு சும்மா கேட்கிறவனைக் கைலாசம் இப்போதுதான் பார்க்கிறார்.

அக்சிலியா அழ ஆரம்பித்தாள். சத்தமில்லாத அழுகை. “நான் எதுக்குக் கேட்டேன்னு தெரியுமா? பழசு எதுன்னு தெரிஞ்சா, அதை விட்டுட்டுப் புதுசை எடுக்கத்தான். அம்மா கார் அண்ணன்கிட்டயே இருக்கட்டும்னு.”

ஜூட் திரும்பினான்.

“அப்படின்னா அதை அண்ணங்கிட்டயே சொல்லியிருக்கலாமே அம்மிணி” என்றார் கைலாசம். “ரெண்டு பஸ் மாறி எங்கிட்ட எதுக்கு வந்த?”

“நான் விட்டுக்கொடுத்தேன்னு தெரிஞ்சா அவன் வாங்கவே மாட்டான். அவனை உங்களுக்குத் தெரியாது.”

“போடி” என்றான் ஜூட். ஆறு மாதத்துக்குப் பிறகு அவளிடம் பேசிய முதல் வார்த்தை.

அற்புதராஜ் துண்டை மறுபடி விரித்தார். “எடுங்க ரெண்டு பேரும்” என்றார். கடைசியில் ஜூட் கையை விட்டுக் கைக்குப் பட்டதை எடுத்து, பார்க்காமலேயே தங்கையிடம் நீட்டினான். அவள் வாங்கிக்கொண்டாள். மிச்சமிருந்ததை அவன் எடுத்துக்கொண்டான். மஞ்சுளா கண்ணைத் துடைத்தாள். ஆனந்தகுமாரும், மனசு ஆறாவிட்டாலும், பேட்டரி மாட்டிக்கொடுக்க எழுந்தான்.

கைலாசம் ஒருவர் முகத்தையும் விடாமல் பார்த்துக்கொண்டு நின்றார். ஜூட் கைக்குப் பட்டதைத்தான் எடுத்தானா, துண்டுக்குள் தடவி எடுத்தானா? கை ஒரு நொடி அதிகமாக உள்ளே இருந்ததுபோல் அவருக்குத் தோன்றியது. அந்தப் பெண்ணுக்கு, அழுகை முதலில் வந்ததா, காரணம் முதலில் வந்ததா? மாட்டிக்கொண்ட பிறகு இவ்வளவு அழகாக ஒரு காரணம் எப்படி வாயில் வந்து உட்காருகிறது?

“சாப்பிட்டுப் போலாங்கப்பா, எல்லாருக்கும் சேர்த்து ஆக்கியிருக்குது” என்றாள் மஞ்சுளா.

“பசிக்கல.”

செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கினார். அக்சிலியா வாசல் வரை வந்தாள்.

“பெரியவரே, நான் சொன்னதை நீங்க நம்பலயா?”

அவர் நின்று அவளை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். கண் சிவந்திருந்தது. கையில் கார். அதை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள், விட்டுக்கொடுக்க வந்தவள் பிடிக்கிற பிடியா அது?

“வெயில்ல நிக்காத சாமி, உள்ள போ” என்றார்.

ரோட்டுக்கு வந்தபோது பின்னால் இரண்டு சின்ன மோட்டார்கள் ஒன்றையொன்று விரட்டுகிற சத்தமும், யாரோ சிரிக்கிற சத்தமும் கேட்டன. அண்ணனா தங்கையா என்று திரும்பிப் பார்க்கவில்லை. “இப்பச் சிரிப்பாங்க” என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, பஸ் நிற்கிற இடத்தை நோக்கி நடந்தார்.